தள்ளுபடிக்கு எதிர்ச்சொல் என்ன?

(ஆடி மாதத்தில் ஒரு நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒருபொருள் தரும் சொற்கள், எதிர்ச்சொற்கள் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அங்கே தள்ளுபடிக்கு எதிர்ச்சொல் கேட்டால் 'விலையேற்றம்' என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். கடைத்தெருவில் அந்த விடை செல்லாது. தள்ளுபடி, கழிவு, சலுகை, மானியம், மலிவு, கொசுறு என்று விலை குறைவதற்கு நம்மிடம் ஒரு கூடை நிறையச் சொற்கள் இருக்கின்றன. அகராதி இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. பழக்கத்தில் இவை பக்கத்தில் நிற்பவை அல்ல. முதல் விலையைச் சொன்னது யார், குறைத்தது யார், குறைந்ததால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்பதை ஒவ்வொரு சொல்லும் வெவ்வேறாகச் சொல்கிறது. இன்று நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

தள்ளுபடியில் இருந்தே தொடங்குகிறேன், ஆடி மாதம் ஆயிற்றே. ஆடியில் வரும் ஒரு நாளிதழை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கம் முழுக்க ஜவுளிக்கடை விளம்பரம்: ஆடித் தள்ளுபடி. உள்ளே புரட்டினால் 'ஜாமீன் மனு தள்ளுபடி'. இன்னும் புரட்டினால் 'விவசாயக் கடன் தள்ளுபடி செய்யக் கோரிக்கை'. ஒரே சொல்தான். முதல் இடத்தில் மகிழ்ச்சி, இரண்டாம் இடத்தில் ஏமாற்றம், மூன்றாம் இடத்தில் கெஞ்சல். தள்ளுகிறவர் கையில்தான் அதிகாரம் இருக்கிறது என்பது மட்டும் மூன்றிலும் பொது. நீதிபதி தள்ளுகிறார், அரசு தள்ளுகிறது, கடைக்காரர் தள்ளுகிறார். எதிரில் நிற்பவர் தள்ளச் சொல்லிக் கேட்கலாம், அல்லது தள்ளாதீர்கள் என்று கேட்கலாம். அவரால் தள்ள முடியாது.

இந்தச் சொல்லின் உறவினர்களையும் பாருங்கள். வரும்படி, செல்லுபடி, சாகுபடி, கட்டுப்படி. எல்லாமே பணமும் உழைப்பும் புழங்கும் இடத்துச் சொற்கள். அதில் கட்டுப்படிதான் எனக்குப் பிடித்தது. 'கொஞ்சம் குறைச்சுக்கோங்க' என்று வாங்குகிறவர் சொன்னால், 'கட்டுப்படி ஆகாதுங்க' என்று விற்கிறவர் சொல்வார். தள்ளுபடிக்கு எதிரே நேருக்கு நேர் நிற்கும் சொல் இதுதான் என்று நான் நினைக்கிறேன். விலையை ஏற்றுகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. இதற்குக் கீழே இறங்கினால் என் கணக்கு உதைக்கும் என்றுதான் சொல்வார்கள்.

கடன் தள்ளுபடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்புகிறேன். 2008இல் மத்திய அரசு அறிவித்த திட்டத்தின் பெயரிலேயே இரண்டு சொற்கள் இருந்தன: கடன் தள்ளுபடி, கடன் நிவாரணம். குறு, சிறு விவசாயிகளுக்குத் தகுதியுள்ள கடன் முழுவதும் தள்ளுபடி. மற்றவர்கள் 75 சதவீதத்தைக் கட்டினால் மீதி 25 சதவீதம் கழிக்கப்படும், அது நிவாரணம். 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு கூட்டுறவு வங்கிகளில் 16.43 லட்சம் விவசாயிகள் வாங்கிய 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. இவை எல்லாம் சரியான பயன்பாடு. ஆனால் வங்கிகள் பெருநிறுவனங்களின் வாராக்கடனைக் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்து ஓரமாக வைக்கும்போதும் நம் செய்தித்தாள்கள் அதே 'தள்ளுபடி'யைத்தான் போடுகின்றன. அங்கே கடன் வாங்கியவரின் பொறுப்பு சட்டப்படி அப்படியே இருக்கிறது. வங்கி வசூலிக்கப் போகலாம். எவ்வளவு வசூலாகிறது என்பது வேறு வழக்கு. விவசாயிக்குச் செய்தது கடனை அழிப்பது, நிறுவனத்துக்குச் செய்தது கணக்கை மாற்றுவது. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதியதால் ஆண்டுக்கணக்காக ஒரு சண்டை நடக்கிறது. இரு தரப்பும் வேறு வேறு பொருளை மனதில் வைத்துக்கொண்டு ஒரே சொல்லை வீசிக்கொள்கின்றன.

சரி, கடைக்கு வருவோம்.

தள்ளுபடி என்ற சொல்லுக்கு வேலையே இல்லாத ஓர் உலகம் இருந்தது, இன்னமும் இருக்கிறது. அது பேரத்தின் உலகம். அங்கே சொன்ன விலை உண்டு, கேட்ட விலை உண்டு, கடைசி விலை உண்டு. இரண்டு பேரும் பேசிப் பேசி ஓரிடத்தில் வந்து நின்றால் 'பேரம் படிந்தது' என்போம். வாரச்சந்தையில் பூசணிக்காய் வாங்கிய யாரும் 'இருபது சதவீதம் தள்ளுபடி கிடைத்தது' என்று வீட்டில் வந்து சொல்லியிருக்க மாட்டார்கள். 'அறுபது சொன்னான், நாற்பதுக்கு முடிச்சேன்' என்றுதான் சொல்வார்கள். அந்த வாக்கியத்தில் வினை யாருடையது என்று கவனியுங்கள். முடித்தது வாங்கியவர். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. அங்கே முதல் விலை என்பதே இரண்டு பேருக்குள் இருக்கும் ரகசியம். ஊருக்குச் சொல்லாத விலையில் எப்படித் தள்ளுபடியை அறிவிப்பது?

ஆகவே தள்ளுபடி பிறக்க வேண்டுமானால் முதலில் பேரம் போக வேண்டும். 'கறார் விலை', 'ஒரே விலை' என்று பலகை வைக்கும் கடைகள் வர வேண்டும். கறார் விலை கடைக்காரருடைய நேர்மையின் அடையாளமாகத்தான் வந்தது. குழந்தை வந்தாலும் வக்கீல் வந்தாலும் ஒரே விலை. அந்தப் பலகை வந்த பிறகுதான், எழுதிய விலையில் இருந்து கொஞ்சம் தள்ளிக் கொடுப்பது என்ற காரியத்துக்கே இடம் வந்தது. ஒரு வகையில் கறார் விலை தள்ளுபடிக்கு எதிர்ச்சொல். இன்னொரு வகையில் தாய்.

இந்தத் தாய்க்குச் சட்டமும் துணை நின்றது. பொட்டலப் பொருள்களின் மேல், எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலையை அச்சிட வேண்டும் என்ற விதி 1990இல் வந்தது. அதற்கு முன்பு 'உள்ளூர் வரிகள் தனி' என்று அச்சிட்டுவிட்டு, வரி என்ற பெயரில் கடைக்குக் கடை ஒரு தொகை வாங்கிக்கொண்டிருந்தார்கள். நல்ல நோக்கத்தோடு வந்த விதி. ஆனால் 'அதிகபட்ச' என்ற அடைமொழியை நாம் யாருமே படிப்பதில்லை. அது கூரை, இதற்கு மேல் போகாதே என்று கடைக்காரருக்குப் போட்ட கோடு. நாம் அதையே பொருளின் சரியான விலை என்று எடுத்துக்கொண்டோம். அந்தக் கோட்டுக்குக் கீழே எந்த விலைக்கு விற்றாலும் அது நமக்குச் செய்த தயவு என்று ஆகிவிட்டது. கோட்டை எங்கே போடுவது என்று தீர்மானிப்பவர் உற்பத்தியாளர். 999 ரூபாய் என்று அச்சிட்டு 399க்குக் கொடுத்தால் 60 சதவீதத் தள்ளுபடி. 399 என்றே அச்சிட்டு அதே விலைக்குக் கொடுத்தால் ஒன்றுமில்லை. நம் கையில் இருந்து போகும் பணம் இரண்டிலும் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே மாதம் முதல் நடைமுறைக்கு வந்த விதி ஒன்று இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. தள்ளுபடி என்று அறிவித்தால், அதற்கு முந்தைய 30 நாட்களில் அந்தப் பொருளை எந்தக் குறைந்த விலைக்கு விற்றார்களோ அதைத்தான் பழைய விலையாகக் காட்ட வேண்டும். தள்ளுபடியை அவர்கள் தடுக்கவில்லை. முதல் விலை எது என்று மட்டும் கேட்கிறார்கள்.

ஆடிக்கு வருகிறேன். இங்கே இருக்கிற ஜவுளிக்காரர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆடியில் கல்யாணம் இல்லை. கிராமத்தில் 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று கையில் இருக்கும் காசு நிலத்துக்குப் போய்விடும். வியாபாரம் படுத்துக்கொள்ளும். தேங்கிய சரக்கைத் தள்ளிவிட்டால்தான் தீபாவளிக்குப் புதுச் சரக்கு எடுக்க முடியும். அப்படி வந்ததுதான் ஆடித் தள்ளுபடி. இங்கே 'தள்ளு' என்ற வினைக்கு அலமாரியைக் காலி செய்வது என்ற பொருளும் பொருந்தியது. இன்று சென்னையில் உஸ்மான் சாலையிலும் ரங்கநாதன் தெருவிலும் ஆடிதான் பெரிய பருவங்களில் ஒன்று. தேங்கிய சரக்குக்குப் பிறந்த சொல், ஆடிக்கென்றே வரவழைத்த சரக்கையும் விற்றுக்கொடுக்கிறது. இதில் கோபப்பட ஒன்றுமில்லை. வியாபாரம் இல்லாத மாதத்தையே வியாபாரமாக்கிய சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

அதே சொல்லைக் கோ-ஆப்டெக்ஸ் வாசலில் படித்தால் பொருள் மாறும். 1935இல் தொடங்கிய கைத்தறி நெசவாளர் கூட்டுறவு நிறுவனம் அது. தீபாவளிக்கு முப்பது சதவீதம், காந்தி ஜெயந்திக்குக் கதர்க்கடையில் முப்பது சதவீதம் என்பது நம் வீடுகளில் பண்டிகைக் கணக்கின் ஒரு பகுதி. பழைய ஆட்கள் அதைத் தள்ளுபடி என்றுகூடச் சொல்வதில்லை, 'ரிபேட் போட்டாச்சா?' என்றுதான் கேட்பார்கள். இந்த ரிபேட்டின் சுமையில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது. நெசவாளர் தறியில் சேலை தேங்கக்கூடாது என்பதற்காகப் பொதுப்பணத்தில் இருந்து வருவது அது. தனியார் கடையில் தள்ளுபடி கடைக்காரரின் லாபத்தில் இருந்தோ, முன்கூட்டியே ஏற்றிவைத்த விலையில் இருந்தோ வருகிறது. இங்கே நாமே கட்டிய வரியில் ஒரு துளி நம்மிடம் திரும்பி வருகிறது. சொல் ஒன்றாக இருந்தாலும் பணம் வரும் வழி வேறு.

இனி 'மலிவு'. இது தள்ளுபடிக்கு ஒருபொருள் சொல் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மலிதல் என்றால் நிறைதல், மிகுதல். வரத்து மிகுந்தால் விலை இறங்கும் என்ற சந்தை அறிவு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தள்ளுபடியில் ஒரு மனிதர் குறைக்கிறார். மலிவில் யாரும் குறைக்கவில்லை. பொருள் நிறைந்ததால் விலை தானாகத் தாழ்ந்தது. பழைய விளம்பரங்களில் இதற்குப் பக்கத்துச் சொற்கள் வரும்: விலை நயம், சரசமான விலை, சகாய விலை. நயம் என்றால் இனிமை, சரசம் என்றால் இனிய உறவு, சகாயம் என்றால் உதவி. குறைந்த விலையைச் சொல்ல நம் வணிகர்கள் தேர்ந்த சொற்கள் எல்லாமே மரியாதையான சொற்களாக இருந்திருக்கின்றன. 'நயம் துவரம்பருப்பு' என்று மளிகைக்கடைப் பலகையில் இன்றும் பார்க்கலாம். அங்கே நயம் என்றால் உயர்ந்த தரம். குறைந்த விலைக்கும் நல்ல தரத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருந்த மொழி இது. இன்றைக்கு 'மலிவான ரசனை', 'மலிவான அரசியல்' என்று எழுதுகிறோம். விலை குறைந்தால் தரமும் குறைந்தது என்ற எண்ணம் சொல்லுக்குள் நுழைந்துவிட்டது.

பதிப்புலகத்தில் அந்தச் சொல் கெடாமல் இருந்தது. மர்ரே ராஜம் சங்க நூல்களைப் பதம் பிரித்துக் குறைந்த விலையில் வெளியிட்டார். சக்தி வை. கோவிந்தன் மலிவுப் பதிப்புகளால் பாரதியையும் குறளையும் வீடு வீடாகக் கொண்டுபோனார். மலிவுப் பதிப்பு என்ற பெயரை அட்டையில் போட யாரும் வெட்கப்படவில்லை. பிறகு அது 'மக்கள் பதிப்பு' ஆயிற்று. மலிவுப் பதிப்பில் கழிப்பதற்கு ஒன்றுமில்லை, விலையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. சென்னைப் புத்தகக் காட்சியில் பத்து சதவீதம் கழிக்கிறார்களே, அது வேறு. அதற்குப் பதிப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'கழிவு'.

கழிவு என்ற சொல்லில் கொஞ்சம் நிற்கிறேன். இலங்கையில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கடை வாசலில் 'விலைக்கழிவு' என்று எழுதியிருப்பார்கள். நம் ஊர்க்காரர் முதல் முறை பார்த்தால் சிரிப்பார், ஏனென்றால் இங்கே கழிவு என்றால் சாக்கடை நினைவுக்கு வருகிறது. சிரிக்க வேண்டியது நம்மைப் பார்த்துத்தான். கூட்டல் கழித்தல் படித்த எவருக்கும் புரியும் நேரான சொல் அது. தள்ளுபடியில் இருக்கும் தயவு கழிவில் கிடையாது. இவ்வளவில் இருந்து இவ்வளவு கழிந்தது, அவ்வளவுதான். புத்தக வியாபாரத்தில் விற்பனையாளருக்குக் கழிவு என்பது வழக்கத்தால் வந்த உரிமை. அவர் கெஞ்சி வாங்குவதில்லை.

இந்தச் சொற்களின் வேறுபாடு வெறும் நயம் பாராட்டுவதற்கு அல்ல என்பதை வருமான வரியில் பார்க்கலாம். அங்கே விலக்கு, கழிவு, தள்ளுபடி மூன்றும் மூன்று வெவ்வேறு படிகள். விலக்கு என்றால் அந்த வருமானம் கணக்கிலேயே வராது. கழிவு என்றால் கணக்கில் வந்த வருமானத்தில் இருந்து குறையும். தள்ளுபடி என்றால் வரியைக் கணக்குப் போட்ட பிறகு, அந்த வரியில் இருந்து குறையும். 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு '12 லட்சம் வரை வரி இல்லை' என்று எல்லோரும் சொன்னோம். புதிய வரி முறையில் வரி இல்லாத வரம்பு 4 லட்சம்தான். 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், அது 20,000 ரூபாய். 8 முதல் 12 வரை 10 சதவீதம், அது 40,000. ஆக 60,000 ரூபாய் வரி எழுதப்படுகிறது. எழுதிய பிறகு அதே 60,000 தள்ளுபடி செய்யப்படுகிறது. கடைசியில் பூஜ்யம்தானே, எந்தச் சொல்லாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். பங்குகளைக் குறுகிய காலத்தில் விற்று லாபம் பார்த்தவரைக் கேளுங்கள். அந்த லாபத்துக்குத் தனி விகிதத்தில் வரும் வரிக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது. மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தாலும் அவர் வரி கட்ட வேண்டிவரும். விலக்கு என்று நினைத்தவருக்கு அதிர்ச்சி, தள்ளுபடி என்று படித்தவருக்குக் கணக்கு.

கொசுறைச் சொல்லாமல் போனால் இங்கே இருக்கும் தாய்மார்கள் மன்னிக்க மாட்டார்கள். காய்கறி வாங்கியதும் கறிவேப்பிலை, கொத்தமல்லியில் ஒரு கை, முழம் போட்ட பிறகு பூவில் ஒரு கண்ணி. விலை குறையவில்லை, பொருள் கூடியது. கணக்கில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் கொசுறுக்கு விளம்பரம் கிடையாது, சதவீதம் கிடையாது, கேட்டு வாங்குவதில் வெட்கமும் கிடையாது. தினமும் வரும் முகத்துக்குக் கொடுப்பது அது. 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்பது கொசுறின் பேரப்பிள்ளை மாதிரித் தெரியும். அதில் முகம் பார்க்கும் வேலை இல்லை.

இவ்வளவு நேரம் வாங்குகிறவர் பக்கமே பேசிக்கொண்டிருந்தேன். இனிக் கொஞ்சம் வண்டியில் ஏறி ஒட்டன்சத்திரத்துக்கோ பாலக்கோட்டுக்கோ போவோம். தக்காளி வரத்து மிகுந்து கிலோ சில ரூபாய்க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னைப் பதிப்பில் செய்தி: 'தக்காளி விலை குறைந்தது, இல்லத்தரசிகள் மகிழ்ச்சி.' திண்டுக்கல் பதிப்பில் செய்தி: 'தக்காளி விலை வீழ்ச்சி, விவசாயிகள் வேதனை.' நடந்தது ஒன்றுதான். குறைவு என்றால் வாங்குகிறவர் பேசுகிறார், வீழ்ச்சி, சரிவு என்றால் விளைவித்தவர் பேசுகிறார். விலை ஏறும்போதும் இப்படித்தான். 'விலை கிடுகிடு உயர்வு' நகரத்துத் தலைப்பு. 'நல்ல விலை கிடைத்தது' கிராமத்துப் பேச்சு. எனக்குத் தெரிந்து, ஒரே நிகழ்ச்சிக்கு ஒருபொருள் சொற்களே எதிர்ச்சொற்களாகவும் இருப்பது விலை விஷயத்தில்தான் இவ்வளவு பச்சையாகத் தெரிகிறது. மண்டியில் தரகு, சாக்கு எடை, அழுகல் என்று விவசாயி கணக்கில் கழிப்பார்களே, அதுவும் கழிவுதான். அதை யாரும் விழாவாகக் கொண்டாடுவதில்லை. அவசரத்துக்கு விற்க வந்தவரிடம் 'அடிமாட்டு விலைக்கு' வாங்கினேன் என்று பெருமை பேசுகிறவரும் உண்டு. உழவுக்கு உதவாத மாட்டை விற்கும் விவசாயி நின்ற இடத்தில் பிறந்த சொல் அது. பெருமைக்கு உரியதாக எனக்குப் படவில்லை.

அரசு பேசும் சொற்களுக்கு வருகிறேன். மானியம் என்றால் முன்பு வரியில்லாமல் விட்ட நிலம்; கோவிலுக்கும் ஊழியத்துக்கும் அரசர் கொடுத்தது. இன்று எரிவாயு உருளைக்கும் உரத்துக்கும் அதே சொல். சலுகை என்பது கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடியது. ரயிலில் மூத்த குடிமக்களில் ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதக் கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். சலுகை என்று பெயர் வைத்த அன்றே அதற்கான வாசல் திறந்திருந்தது.

இலவசம் என்ற சொல்லின் கதை தமிழ்நாட்டில் தனியாக எழுத வேண்டியது. 2006இல் ஆட்சிக்கு வந்தவர்கள் இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தார்கள். நியாய விலைக் கடையில் அரிசி கிலோ இரண்டு ரூபாய் ஆனது, 2008இல் ஒரு ரூபாய் ஆனது. 2011 ஜூனில் அடுத்த ஆட்சி அந்த ஒரு ரூபாயையும் எடுத்துவிட்டது. ஆனால் அதற்கு 'இலவச அரிசி' என்று பெயர் வைக்கவில்லை; 'விலையில்லா அரிசி' என்றார்கள். விலையில்லா மடிக்கணினி, விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. 2021இல் மகளிருக்கு நகரப் பேருந்தில் வந்தது 'கட்டணமில்லாப் பயணம்'. கட்சி மாறியது, இலவசம் என்ற சொல்லைத் தவிர்ப்பது மட்டும் மாறவில்லை. வாங்குகிறவரின் கை கீழே இருக்கிறது என்ற தோற்றத்தைத் துடைக்கும் முயற்சி இது. கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அது கேலிக்குரியதாகத் தெரியவில்லை. அம்மா உணவகம் 2013இல் சென்னையில் ஒரு ரூபாய்க்கு இட்லி போட்டபோது இலவசமாகவே கொடுத்திருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். அந்த ஒரு ரூபாயைக் கொடுத்து வாங்கியவர் வரிசையில் நின்ற வாடிக்கையாளர். அது மலிவு விலை உணவகம், அன்னதானம் அல்ல.

ஏற்றத்துக்குப் போகும்போது மொழி இன்னும் நாசூக்காகிவிடும். பேருந்துக் கட்டணத்தையும் மின்கட்டணத்தையும் எந்த அரசும் உயர்த்தியதில்லை. 'மாற்றி அமைத்திருக்கிறார்கள்', 'திருத்தி அமைத்திருக்கிறார்கள்'. உயர்வு என்ற சொல் எதிர்க்கட்சிக்குச் சொந்தம். கட்சி இடம் மாறினால் சொல்லும் இடம் மாறும். ஊழியர்களுக்கு விலைவாசிக்கு ஈடாகக் கொடுப்பதை ஒரு காலத்தில் பஞ்சப்படி என்றார்கள், கிராக்கிப்படி என்றும் சொன்னார்கள், இப்போது அகவிலைப்படி. அகவிலை என்றால் பழைய வழக்கில் தானிய விலை. பஞ்சம் போய் தானியம் வந்தது, கேட்க நன்றாக இருக்கிறது.

ஏற்றமா இறக்கமா என்றே தெரியாமல் செய்வதும் ஒரு கலை. ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தின் விலை ஐந்து ரூபாயாகவே இருக்கும், எடை மட்டும் இளைத்துக்கொண்டே வரும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் குறைந்தபோது இது தலைகீழாக நடந்தது. ஐந்து ரூபாயை நாலரை ரூபாயாக்கிச் சில்லறை கொடுக்க முடியாது என்று நிறுவனங்கள் எடையைக் கூட்டப் போயின. அது விலைக்குறைப்பா, கொசுறா? இதற்குத் தமிழில் இன்னும் ஒரு பெயர் அமையவில்லை.

கடைசியாக நகைக்கடை. தங்கத்தின் விலையில் பெரிதாகத் தள்ளுபடி தர முடியாது. அன்றைய விலை ஊருக்கே தெரியும். பெரும்பாலும் தள்ளுபடி தருவது சேதாரத்தில். உதாரணத்துக்காகக் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பவுன், எட்டு கிராம், 80,000. சேதாரம் 12 சதவீதம் என்றால் 9,600. 'சேதாரத்தில் 25 சதவீதம் தள்ளுபடி' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கிடைப்பது 2,400 ரூபாய். மொத்தமாகிற 89,600இல் அது மூன்று சதவீதத்துக்கும் கீழே. அதற்கு மேல் வருகிற ஜிஎஸ்டியே மூன்று சதவீதம். செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை என்று சொல்லும் கடையிலும் அந்தத் தொகை வேறு ஏதாவது பெயரில் எங்காவது உட்கார்ந்திருக்கிறதா என்று பில்லைப் படித்துப் பாருங்கள்.

ஐந்து வருடம் கழித்து அதே நகையை அதே கடையில் கொண்டுபோய்க் கொடுங்கள். முன்பு கட்டிய சேதாரம் திரும்பாது, செய்கூலி திரும்பாது. கல்லுக்கு இவ்வளவு, அரக்குக்கு இவ்வளவு, அழுக்குக்கு இவ்வளவு என்று தராசில் வைத்துக் கழிப்பார்கள். வாங்கிய நாளில் நமக்குக் கொடுத்தது தள்ளுபடி. விற்கிற நாளில் நம்மிடம் எடுப்பது கழிவு.